டோர்னக்கல் அத்தியட்சர் அசரியா

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டபோது, யாரைப்பற்றி எழுதுவது என்று சில நாட்கள் எண்ணிப் பார்த்தேன். கம்பரைப்பற்றியும் பாரதியாரைப்பற்றியும் எழுதப் புலவர்கள் பலர் உளர். மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்ட ரெயில்வே குமாஸ்தாவுக்கு அங்கே வேலை இல்லை. ஆகவே, நம்மைப்போலவே தமிழ்நாட்டை விட்டுத் தெலுங்கு நாட்டில் குடியேறிய ஒருவரைத் தேர்ந்துகொண்டேன். நாம் பிழைப்பை நாடி வந்தோம். அவர் தொண்டை நாடி வந்தார். வேதநாயகம் சாமுவேல் அசரியா என்பது அவர் திருப்பெயர். இந்தியர்களுள் முதன்முதலாக ஆங்கிலிக்கன் திருச்சபையின் அத்தியட்சராக உயர்ந்தவர் அவரே.

டோர்னக்கல் என்ற பெயரை நம் காலனியில் அறியாதவர் இலர். திருப்பதியிலிருந்து கிருஷ்ணா எக்ஸ்பிரஸில் செகந்திராபாத் செல்வோர், கம்மம் தாண்டியபின் வரும் சந்திப்பு நிலையமாக அதைக் கண்டிருப்பர். சிங்கரேணி நிலக்கரி வரும் கிளைப்பாதை அங்கேதான் பிரிகிறது. நானும் பலமுறை அவ்வழியே சென்றிருக்கிறேன். ஒரு தமிழர் முப்பத்தைந்து ஆண்டுக் காலம் வாழ்ந்து, உழைத்து, அடங்கிய மண் அது என்பதை அறியாமலே அந்நிலையத்தில் தேநீர் வாங்கிக் குடித்த நாட்களும் உண்டு.

திருநெல்வேலிச் சீமையில், இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில், 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் அசரியா பிறந்தார். செம்மணல் தேரியும் பனங்காடும் சூழ்ந்த ஊர் அது. தந்தையார் தோமாஸ் வேதநாயகம், அவ்வூர்ச் சபையின் குருவானவர். தாயார் எல்லன் அம்மையார். பதின்மூன்று ஆண்டுகள் பிள்ளையின்றி ஏங்கி, வேண்டிப் பெற்ற மகன் ஆதலின், வேதாகமத்தில் அன்னாள் தன் மகனுக்கு இட்ட சாமுவேல் என்னும் பெயரையே இவருக்கும் இட்டனர். மகனுக்குப் பதினைந்து வயது ஆகும்போதே தந்தையார் காலமானார். அதன்பின் அன்னையே எல்லாமாக நின்று வளர்த்தார். அவ்வம்மையார் கண்டிப்பு மிக்கவர். பிற்காலத்தில் அசரியாவிடம் காணப்பட்ட ஒழுங்கும், சிக்கனமும், சிறிதளவு கடுமையும் தாய்வழிச் சொத்து என்றே கொள்ளவேண்டும்.

மெஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் பயின்றபின், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்தார். இறுதித் தேர்வுக் காலத்தில் நோய்வாய்ப்பட்டமையால் தேர்வு எழுதவில்லை. பின்னரும் எழுத முயலவில்லை. ஆகவே பட்டம் பெறாமலே கல்லூரியை விட்டு வெளியேறினார். பின்னாளில், 1920-இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. தேர்வில் தவறிய பிள்ளைகளைப் பெற்றோர் நம் காலனியில் ஏசும் ஏச்சைக் கேட்கும்போதெல்லாம் இச்செய்தி எனக்கு நினைவில் வருவதுண்டு.

1895-இல் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் செயலாளராக அமர்ந்தார். தென்னிந்தியா முழுதும் சுற்றி, கல்லூரிகளிலும் சபைகளிலும் இளைஞர்களைக் கூட்டிப் பேசுவதே அவர் அலுவல். அமெரிக்காவிலிருந்து வந்த ஷெர்வுட் எட்டி என்பார் அவருக்கு உற்ற தோழரானார். வெள்ளையரும் இந்தியரும் ஒரே வண்டியில் பயணம் செய்து, ஒரே இலையில் உண்பதுபோல் பழகிய நட்பு அது. 1898-இல் அன்பு மாரியம்மாள் என்னும் நங்கையை மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களுள் கல்லூரி வாயிலை மிதித்த முதல் சிலரில் அவ்வம்மையாரும் ஒருவர்.

அவர் வாழ்வு திரும்பிய இடம் யாழ்ப்பாணம். 1902-இல் அங்கே சென்றபோது, அவ்வூர்த் தமிழ்க் கிறிஸ்தவ இளைஞர்கள் தம் கைப்பொருளைச் சேர்த்து, கடல் கடந்து, இராமநாதபுரக் கரையிலுள்ள தொண்டி என்னும் ஊருக்குத் தொண்டர்களை அனுப்பி வருவதைக் கண்டார். வெளிநாட்டார் பணம் ஒரு காசும் அதில் இல்லை. திருநெல்வேலியிலோ நூறாண்டுக்கு மேலாகச் சபைகள் இருந்தன, ஆயிரக்கணக்கில் மக்கள் இருந்தனர், கற்றோர் இருந்தனர். இருந்தும், தொண்டு என்பது வெள்ளைக்காரத் துரைமாரும் அவர்கள் சம்பளம் கொடுத்து வைத்த உபதேசிமாரும் செய்யவேண்டிய வேலை என்றே மக்கள் எண்ணிக்கொண்டிருந்தனர். கோயிலுக்குப் போவதோடு தம் கடமை முடிந்ததென்று இருந்தனர். யாழ்ப்பாணத்தார் செய்வதை நாம் ஏன் செய்யவில்லை என்ற வினா அசரியாவின் நெஞ்சைத் துளைத்தது. ஊர் திரும்பியதும் நண்பர் சிலரைக் கூட்டிப் பேசினார். 1903-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் இந்திய மிஷனெரி சங்கம் திருநெல்வேலியில் நிறுவப்பட்டது. இந்தியர் பொருள், இந்தியர் ஆள், இந்தியர் நிர்வாகம் என்ற மூன்றும் அதன் அடிப்படை. அச்சங்கம் பாளையங்கோட்டையைத் தலைமையிடமாகக் கொண்டு இன்றும் பணியாற்றி வருகிறது. 1905-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று, வங்காளத்துச் சேராம்பூரில் இதே நோக்கத்துடன் அகில இந்தியாவுக்குமாகத் தேசிய மிஷனெரி சங்கம் தோன்றியபோதும், அதை நிறுவியோருள் அசரியா முன்நின்றார்.

திருநெல்வேலியாருக்குப் பொருள் ஏது என்று கேட்கலாம். பெரும்பாலோர் பனையேறிகளும் சிறு வணிகரும் உழவருமே. அங்கே பெண்டிர் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக்கலயத்தில் இட்டுச் சேர்த்து, அதைக் கோயிலுக்குக் கொடுப்பது வழக்கம். பிடியரிசி என்பது அதன் பெயர். அத்தகைய காணிக்கைகளிலிருந்தே சங்கத்தின் செலவுக்கு வழி பிறந்தது. ஆளுக்குத்தான் தட்டுப்பாடு.

சங்கம் தேர்ந்துகொண்ட பணிக்களம், அன்றைய நிஜாம் அரசின் கிழக்குப் பகுதியில் மானுக்கோட்டை, டோர்னக்கல் முதலிய ஊர்கள். திருநெல்வேலியிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள இடம். மக்கள் பேசுவது தெலுங்கு; அரசாங்க மொழி உருது. காடு அடர்ந்து, காய்ச்சல் மலிந்த நாடு. இருப்புப்பாதை மட்டும் முன்பே வந்திருந்தது. அந்த வகையில் நம் இலாகாவுக்கும் அவர் வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. சங்கம் அனுப்பிய முதல் ஊழியர்கள் அங்கே பெரிதும் அல்லலுற்றனர். அவர்களை நடத்திச் செல்ல ஒரு குருவானவர் தேவைப்பட்டார். அசரியா ஊர் ஊராகச் சென்று, யார் வருவீர் என்று இளைஞர்களைக் கேட்டார். கைதட்டினார்கள், கண்ணீர் விட்டார்கள், வருவோர் இலர்.

இவ்விடத்தில் வாசகர்கள் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். முப்பது வயதைக் கடந்தவர். மனைவி மக்கள் உடையவர். நாடெங்கும் அறியப்பட்ட பேச்சாளர். 1907-இல் ஜப்பான் நாட்டுத் தோக்கியோவில் நடந்த உலக மாணவர் மாநாடுவரை சென்று வந்தவர். அப்பதவியிலேயே இருந்து பிறரை அனுப்பிக்கொண்டிருந்தால், எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் பிறரைப் போகச் சொல்லும் நான் ஏன் போகக்கூடாது என்ற எண்ணம் அவரை உறங்கவிடவில்லை. வாலிபர் சங்கப் பதவியைத் துறந்தார். 1909-இல் குருப்பட்டம் பெற்றுக் குடும்பத்துடன் டோர்னக்கல்லுக்குப் புறப்பட்டார். முதலில் கூடாரம் அடித்துத் தங்கினார். தெலுங்கு எழுத்தை ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்கிக் கற்றார். மாட்டு வண்டியிலும் மிதிவண்டியிலும் கால்நடையாகவும் சிற்றூர்களுக்குச் சென்று, மாலையில் கூலி முடித்து வருவோரோடு தரையில் அமர்ந்து பேசினார்.

மறு ஆண்டே, 1910-இல், ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஆயிரத்து இருநூறு பேர் கூடிய அவையில் ஆசிய நாட்டவர் இருபதுக்கும் குறைவு. அங்கே அசரியா எழுந்து, வெளிநாட்டு ஊழியருக்கும் இந்திய ஊழியருக்கும் இடையே உள்ள உறவைப்பற்றிப் பேசினார். தொண்டும் தியாகமும் நிரம்ப வந்தன, நட்புமட்டும் வரவில்லை, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பது அவர் உரையின் சாரம். அவையில் சிலர் மகிழ்ந்தனர், சிலர் முகஞ்சுளித்தனர். இந்தியா அடிமைப்பட்டிருந்த அந்நாளில், முப்பத்தைந்து வயதுத் தமிழர் ஒருவர் அவர்கள் நாட்டிற்கே சென்று அவர்கள் மொழியிலேயே அவ்வாறு பேசியது சிறிய செயல் அன்று.

சென்னை அத்தியட்சராயிருந்த ஹென்றி வைட்ஹெட் என்பார் அசரியாவின் தகுதியை உணர்ந்தவர். டோர்னக்கல்லைத் தனி அத்தியட்சாதீனமாக்கி, அசரியாவையே அதற்குத் தலைவராக்க வேண்டும் என்று அவர் முயன்றபோது எதிர்ப்புக் கிளம்பியது. இந்தியர் ஒருவரின் கீழ் வெள்ளையர் பணியாற்றுவதா என்று சிலர் கேட்டனர். அதைவிட வருந்தத்தக்கது, நம்மவர்களே சிலர் அவருடைய சாதியைச் சொல்லித் தடுக்க முயன்றதாகும். எதிர்ப்புக்களைக் கடந்து, 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள், கல்கத்தா நகரத்துப் பரிசுத்த பவுல் பேராலயத்தில் அவர் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். அப்போது வயது முப்பத்தெட்டு. 1920-களில் கிருஷ்ணா, கோதாவரிப் பகுதிகளும், நம் அண்டைப் பகுதியான கடப்பை, கர்நூல் சீமையின் ஆங்கிலிக்கன் சபைகளும் அவர் ஆளுகைக்குள் வந்தன. அப்போது ஆங்கிலேய மிஷனெரிகள் பலரும் அவருக்குக் கீழ்ப்பட்டுப் பணியாற்றினர்.

பதவியைப்பற்றி இவ்வளவு போதும். நான் சொல்ல விரும்புவது அவர் சபைகளை நடத்திய முறையைத்தான்.

டோர்னக்கல் பகுதியில் திருச்சபையில் சேர்ந்தோர் பெரும்பாலும் மாலர், மாதிகர் என்னும் இரு சாதியினர். நிலமற்ற கூலிகள், எழுத்தறியாதவர்கள், ஊருக்கு வெளியே வாழ வைக்கப்பட்டவர்கள். அவ்விரு சாதியாருக்கும் இடையேயும் உண்பன தின்பன இல்லை. இத்தகையோரைக்கொண்டு ஒரு சபையை நடத்துவதானால், எல்லாவற்றையும் அவர்களுக்குக் கொடுத்துத்தான் நடத்தவேண்டும் என்பது அந்நாளைய பலர் கருத்து. அசரியா அதற்கு நேர்மாறாக எண்ணினார். பெறுவதற்கு மட்டும் பழகியவன் என்றும் தாழ்ந்தே இருப்பான். கொடுக்கத் தொடங்கிய அன்றே அவன் நிமிர்கிறான் என்பது அவர் துணிபு. ஆகவே எவ்வளவு ஏழையாயினும் ஒவ்வொரு வீட்டாரும் சபைக்கு ஏதேனும் ஒன்றைத் தரவேண்டும், ஏதேனும் ஒன்றைச் செய்யவேண்டும் என்று விதித்தார். திருநெல்வேலிப் பிடியரிசிப் பழக்கத்தை அங்கே கொண்டுசென்றார். அறுவடைக் காலத்தில் தானியமும் பருப்பும் கோழியும் முட்டையும் ஆலயத்தில் வந்து குவியும். பணமில்லாதவன் உழைப்பைக் கொடுத்தான். சிற்றூர்களில் மண்சுவர் எழுப்பிக் கூரை வேய்ந்த கோயில்களை மக்களே தம் கைகளால் கட்டிக்கொண்டனர். கிறிஸ்தவன் கொடுக்கவேண்டிய முறையைப்பற்றி அவர் தனி நூல் ஒன்றும் எழுதியிருக்கிறார்.

ஞானஸ்நானம் பெறுவோருக்கு அவர் வைத்த ஒழுங்கு ஒன்று உண்டு. சபையில் சேர்ந்தவர் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, தாம் அறிந்ததைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் பிறருக்கும் அறிவிப்பதாக உறுதி கூற வேண்டும். நேற்றுவரை யாரும் ஒரு பேச்சுக்கும் மதியாதிருந்த கூலியாள், இன்று சபைக்குப் பொறுப்பாளியாகிறான். ஆண்டுதோறும் சாட்சி வாரம் என்று ஒரு வாரத்தை ஒதுக்கினார். அவ்வாரத்தில் ஆண்களும் பெண்களும் தம் நாட்கூலியை விட்டுவிட்டுக் கூட்டங் கூட்டமாக அயலூர்களுக்குச் சென்று, பாடியும் பேசியும் வருவார்கள். ஒரு நாள் கூலி போனால் ஒரு நாள் அடுப்பு எரியாத வீடுகள் அவை. சம்பளத்தோடு விடுமுறை எழுதிக்கொடுத்துவிட்டு விழாவுக்குப் போகும் நம் போன்றோர் அக்கணக்கை முழுவதும் உணர்வது கடினம்.

படிக்கத் தெரியாதோர் சபையில் தொண்டாற்றுவது எங்ஙனம் என்பதற்கும் வழி கண்டார். இரவு வேளைகளில் உபதேசியார் வாய்ப்பாடமாக ஜெபங்களையும் கீர்த்தனைகளையும் கற்பிப்பார். கற்றுக்கொண்டவர் அடுத்தவருக்குக் கற்பிப்பார். உபதேசியார் வேலைக்குப் பயிற்சி பெற வருவோர் மனைவி மக்களோடு டோர்னக்கல்லில் வந்து தங்கவேண்டும். மனைவிக்கும் பாடம் உண்டு. கணவன் படித்து மனைவி படியாதிருந்தால் ஒரு காலால் நடப்பதுபோலாம் என்று அவர் கருதினார். இப்பகுதியின் பாரத்தை அன்பு அம்மையாரே பெரிதும் சுமந்தார். அசுத்தம், நோய், கடன், குடி ஆகிய நான்கையும் நான்கு பேய்களாக எண்ணி அவற்றோடு போராடுமாறு சபையாருக்குக் கற்பித்தார். மாலரும் மாதிகரும் ஒரே பாத்திரத்தில் நற்கருணை பெறவேண்டும், ஒரே பந்தியில் அமரவேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. இதில் அவருக்கு முழு வெற்றி கிடைத்ததென்று சொல்ல இயலாது. சாதி அவ்வளவு எளிதில் சாவதன்று.

1930-களில் அவர் அத்தியட்சாதீனத்தில் கிறிஸ்தவர் தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியது. வளர்ச்சி பெருகியபோது அதனோடு வழக்கும் வந்தது. தாழ்த்தப்பட்டோர் திரள் திரளாக மதம் மாறுவதைக் காந்தியடிகள் ஒப்பவில்லை. தம் பத்திரிகையில் கண்டித்தும் எழுதினார். ஒருவன் தன் உள்ளத்தின்படி சமயத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை எவரும் மறுக்கலாகாது என்பது அசரியாவின் நிலை. 1937-இல் இருவரும் நேரில் சந்தித்தும் கருத்து ஒன்றுபடவில்லை. பெரியோர் இருவர் மாறுபட்ட இவ்விஷயத்தில் தீர்ப்புக்கூற நான் யார்? ஒன்றைமட்டும் குறிப்பிடுவேன். 1932-இல் ஆங்கில அரசு சமயவாரியாகத் தனித் தொகுதிகளை வகுத்தபோது, கிறிஸ்தவருக்குத் தனித்தொகுதி வேண்டாம் என்று எதிர்த்து நின்றவர் அசரியா. கிறிஸ்தவர் தமக்கென்று வேலியிட்டுக்கொண்டால் நாட்டுமக்களுக்கு எவ்வாறு தொண்டு செய்ய இயலும் என்பதே அவர் எண்ணம்.

டோர்னக்கல் பேராலயத்தைப்பற்றிச் சொல்லாமல் விட முடியாது. போரும் பஞ்சமும் பணமுடையும் குறுக்கிட, இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்ட கட்டட வேலை அது. மேனாட்டுக் கோயிலைப் பார்த்துப் படி எடுக்க அவர் விரும்பவில்லை. இந்துக் கோயில் மண்டபத் தூண்களும், முகம்மதியர் கட்டடக் கலையின் குவிமாடங்களும் ஸ்தூபிகளும் ஒருங்கே அமைய அதை எழுப்பினார். 1939-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் அது பிரதிஷ்டை செய்யப்பட்டது.

அவரிடம் குறையே இல்லையா என்று கேட்பீராயின், கண்டிப்பு அதிகம் என்பதே பலர் கூறிய குறை. காணிக்கை கொடாத சபையையும் ஒழுங்கு தவறிய ஊழியரையும் அவர் எளிதில் விடமாட்டார். உள்ளதைச் சொல்வதானால், அவர்கீழ் குமாஸ்தாவாக நான் ஆறு மாதம் தாக்குப் பிடித்திருக்க மாட்டேன்.

இவ்வரலாற்றைப் படித்த நாளிலிருந்து என் மனத்தில் ஒரு முள் இருக்கிறது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். நான் வழிபடும் சபையில் காலையில் தெலுங்கு ஆராதனை. அது முடிந்தபின் தமிழ் ஆராதனை. தமிழ்க் குடும்பங்கள் நாம் தெலுங்குக்காரர் வெளியேறும்வரை மரத்தடியில் நின்று, பின் உள்ளே சென்று, முடிந்ததும் வீடு திரும்புவோம். கிறிஸ்துமஸ் பந்திக்கு இலைபோடவும், மருத்துவமனையில் கிடக்கும் நோயாளிகளைக் காணவும், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடஞ்சொல்லவும் ஆள் வேண்டும் என்று அறிவிக்கும்போது எழுந்து நிற்பவர் பெரும்பாலும் தெலுங்கர். நமக்குப் பேச வராது என்று நாம் சாக்குச் சொல்வோம். பதினைந்து ஆண்டுகளாகப் பார்சல் அலுவலகத்தில் தெலுங்கில் சண்டையிடத் தெரிந்த எனக்கு, தெலுங்கு வேதாகமத்தில் ஒரு பத்தியை உரக்க வாசிக்கத் தெரியாது. ஒருமுறை குருவானவர் என்னைப் பாடம் வாசிக்க அழைத்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று பொய் சொன்னேன். கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது.

நம் காலனியில் கிறிஸ்தவர் சிலரே என்பதை நான் அறிவேன். ஆயினும் இச்செய்தி மற்றையோருக்கும் அயலானதன்று. 2000-ஆம் ஆண்டு ஸ்ரீவாரி சேவை என்னும் ஏற்பாடு தொடங்கியதிலிருந்து, எத்தனையோ பேர் திருமலையில் ஊதியமின்றி வரிசையை ஒழுங்கு செய்தும், அன்னதானக் கூடத்தில் பரிமாறியும் வருகிறார்கள். எதிர்வீட்டு அக்காள் சேவைக்குச் சென்று திரும்பியபோது, கன்னடத்துப் பாட்டி ஒருத்தியைக் கைப்பிடித்து நடத்திச் சென்றதை ஒரு மணி நேரம் கண் மலரச் சொன்னார்கள். கன்னடத்தில் அவர்களுக்கு ஒரு சொல்லும் தெரியாது. மொழி எங்கே தடுத்தது? அந்த முகமலர்ச்சியைக் கண்டபோதுதான், கூலியை இழந்தும் சாட்சி வாரத்திற்குப் புறப்பட்ட டோர்னக்கல் மக்கள் எதைப் பெற்றார்கள் என்பது எனக்கு ஒருவாறு விளங்கிற்று.

இந்த மாவட்டத்தின் வரலாறும் கலப்பின் வரலாறேயாகும். 1911-இல் வடஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பிரித்துச் சேர்த்து அமைக்கப்பட்டது சித்தூர் மாவட்டம். 1960-இல் திருத்தணி தமிழகத்திற்குச் சென்றது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக்கோடு எங்கே விழுந்தாலும் இரு மொழியாரும் இரு புறமும் இருந்தே வருகிறோம். சித்தூர்ச் சந்தையில் தமிழில் விலை கேட்டால் தெலுங்கில் விடை வரும், பேரமும் முடிந்துவிடும். அசரியாவுக்கு அத்தகைய பழக்கமும் முன்பு கிடையாது. வயது வந்தபின் கற்ற மொழியிலேயே அவர் தம் மக்களுக்குப் போதித்தார், ஆறுதல் கூறினார், கடிந்தார், அடக்கம் செய்தார்.

தென்னிந்தியாவில் பல பெயர்களில் பிரிந்து கிடந்த சபைகளை ஒன்றாக்க வேண்டும் என்பது அவருடைய மற்றொரு பெருங்கனவு. ஒரே சிற்றூரில் இரண்டு சபைகள் இருந்துகொண்டு, நாங்கள் வேறு, நீங்கள் வேறு என்று சொன்னால் ஏழை உழவனுக்கு என்ன விளங்கும் என்று அவர் வருந்தினார். 1919-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் நடந்த மாநாட்டில் இம்முயற்சி தொடங்கியது. 1929 முதல் இந்தியத் தேசியக் கிறிஸ்தவக் கவுன்சிலின் தலைவராகவும் இருந்து, 1938-இல் தாம்பரத்தில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டிலும் இதை வற்புறுத்தினார். கால் நூற்றாண்டு பேச்சு வார்த்தை நடந்தது. தென்னிந்தியத் திருச்சபை 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் சென்னையில் உதயமாயிற்று. ஆர்க்காட்டு மிஷன் வழிவந்த நம் சித்தூர்ச் சபைகளும் அவ்வொன்றிப்பில் சேர்ந்தவையே. அந்நாளைக் காண அசரியா இல்லை.

எழுபதாம் வயதிலும் அவர் சிற்றூர்ச் சுற்றுப்பயணத்தை நிறுத்தவில்லை. 1944-ஆம் ஆண்டின் இறுதியில் காய்ச்சல் கண்டது. 1945-ஆம் ஆண்டு, புத்தாண்டு நாளன்று டோர்னக்கல்லிலேயே உயிர் நீத்தார். உடலை வெள்ளாளன்விளைக்குக் கொண்டுசெல்லவில்லை. தாம் எழுப்பிய பேராலயத்தின் அருகிலேயே, தெலுங்கு மக்கள் நடுவில் அடக்கம் செய்யப்பட்டார். நிலையத்தில் இறங்கி விசாரித்தால் ஊரார் வழி காட்டுவார்கள்; தமிழில் கேட்டால் மட்டும் விளங்காது.